எருமை பற பற! – நோயாளியும் துணையிருப்போரும் ஆடும் நொடிநேர விளையாட்டுகள்

புறநோயாளிகள் பிரிவின் வெளிக்கூடத்தில் நாங்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. சீட்டுப் பதிந்து, இரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை ஒரு குடும்பம் காத்திருக்கும். பெரியவர் சுவரில் சாய்ந்து கண்மூடியிருப்பார். உடன்வந்த பேரன் கைபேசித் திரையை விடாமல் தட்டிக்கொண்டிருப்பான். திரையில் ஏதோ ஒன்று குதிக்கும். தட்டத் தவறினால் விழும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். “ஆஸ்பத்திரியில வந்து என்னடா வெளயாட்டு?” என்று பாட்டி அதட்டுவார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், அதே பாட்டி பேரனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, “வருது பாரு, தட்டு, தட்டு!” என்று சொல்லிக்கொண்டிருப்பார். “ஆயா, சும்மா இரு, அவுட்டாயிடுவேன்!” என்பான் பேரன்.

பாட்டியின் கேள்வி நியாயமானதே. நோயும் கவலையும் சூழ்ந்த இடத்தில் விளையாட்டு எதற்கு? அதிலும், அறிவுக்கு வேலையில்லாத, சிரிப்புக்கிடமான, கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துபோகும் விளையாட்டு எதற்கு? அவ்விளையாட்டு பாட்டியையும் ஈர்த்துக்கொண்டது எப்படி? இக்கேள்விகளுக்கு இவ்விதழில் விடை காண முயல்கிறோம். எந்த அளவில் அது நலம் தரும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் கூறுகிறோம்.

அரை நொடிக்குள் நடப்பவை

நொடிநேர விளையாட்டு கைபேசியுடன் வந்ததன்று. மகளிர் கழங்கு ஆடியதைச் சங்க இலக்கியம் குறிப்பிடுகிறது. அதன் வழியில் வந்த ஐந்தாங்கல்லை நம் வீட்டுத் திண்ணைகளில் இன்றும் காணலாம். ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் தரையிலுள்ள கற்களை அள்ளி, விழும் கல்லையும் அதே கையில் பிடிக்க வேண்டும். ஒரு முழ உயரத்திற்கு எறிந்த கல் கைக்குத் திரும்பச் சற்றேறக்குறைய 0.6 நொடியே ஆகும். இன்னும் உயர எறிந்தால் நேரம் கூடும் என்று தோன்றும். ஆனால் இரண்டு மடங்கு நேரம் வேண்டுமெனில் நான்கு மடங்கு உயரம் எறிந்தாக வேண்டும். அப்போது கல் எங்கு வந்து விழும் என்று சொல்ல இயலாது. ஆகவே அந்த அரை நொடியோடு மல்லுக்கட்டுவதைத் தவிர ஆடுபவருக்கு வேறு வழியில்லை.

ஒரு விளக்கு எரிவதைக் கண்டு விரலை அழுத்த நலமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ கால் நொடி பிடிக்கிறது. ஒளி விழித்திரையில் பட்டு, பார்வை நரம்பின் வழியே மூளையை அடைந்து, மூளையின் ஆணை முதுகுத்தண்டு வழியாகக் கைத்தசைக்கு வந்து சேர்வதற்கான நேரம் இது. ஒலிக்கு விடையளிக்க இதைவிடச் சற்றுக் குறைந்த நேரமே போதும். முழங்காலில் மருத்துவர் சிறு சுத்தியால் தட்டும்போது கால் தானே துள்ளுவது இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது மூளையின் ஆணைக்குக் காத்திராமல் முதுகுத்தண்டு அளவிலேயே முடிந்துவிடும் அனிச்சைச் செயல். நாம் பேசும் விளையாட்டில் மூளைக்கு வேலை உண்டு.

அவ்வேலையை முதன்முதலாகக் கணக்கிட முயன்றவர்களுள் ஒருவர் பிரான்சிஸ்கஸ் டாண்டர்ஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த இவர் கண் மருத்துவத்தில் பெயர்பெற்றவர். 1868இல் அவர் வெளியிட்ட சோதனையில், ஒருவர் ஓர் அசையை ஒலிப்பார். மற்றவர் அதை உடனே திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன அசை வரும் என்று முன்பே தெரிந்தால் விடை விரைவாக வந்தது. பல அசைகளுள் எதுவும் வரலாம் என்றபோது தாமதமாயிற்று. குறித்த ஓர் அசைக்கு மட்டும் விடை சொல், பிறவற்றுக்கு வாய்மூடி இரு என்றபோது, தாமதம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக இருந்தது. தெரிந்துகொள்ளவும், தெரிவு செய்யவும், அடக்கிக்கொள்ளவும் மூளைக்கு நேரம் ஆகிறது என்பதை இவ்வாறு அவர் அளந்து காட்டினார்.

இச்சோதனையை நம் ஊர்ப் பிள்ளைகள் காலங்காலமாக ஆடி வருகிறார்கள். ‘கொக்கு பற பற’ என்பது அதன் பெயர். எல்லோரும் விரல்களைத் தரையில் தட்டியவாறு அமர்வர். தலைவர் “கொக்கு பற பற” என்றால் கைகளை உயர்த்த வேண்டும். “காக்கா பற பற” என்றாலும் உயர்த்த வேண்டும். அதே வேகத்தில் “எருமை பற பற” என்பார். தம் கைகளையும் உயர்த்துவார். அப்போது கையைத் தூக்கியவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். எருமை பறக்காது என்பதை அறியாதவர் எவருமிலர். ஆயினும், அறிவு வந்து தடுப்பதற்கு முன்பே கை எழுந்துவிடுகிறது. கூடியிருப்போர் சிரிப்பதும், தோற்றவரே முதலாவதாகச் சிரிப்பதும் அதனால்தான்.

ஈர்ப்பின் காரணம்

முதற்காரணம், விடை உடனே கிடைப்பது. தட்டினேன், பிடித்தேன், அல்லது தவறவிட்டேன். இடையில் காத்திருப்பு இல்லை. 1998இல் லண்டன் ஆய்வாளர்கள், திரையில் ஓர் ஆட்டம் ஆடுவோரின் மூளையைப் படமெடுத்து, ஆட்டத்தின்போது டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டினர். ஊக்கத்தோடும் கற்றலோடும் தொடர்புடைய பொருள் அது. நூலிழையில் தவறிய ஆட்டம் “இன்னும் ஒரே ஒரு முறை” என்று நம்மைத் தூண்டுவதும் இயல்பே.

இரண்டாவது காரணம், தோல்விக்கு விலையில்லை என்பது. விதியை விளக்க நெடுநேரம் வேண்டுவதில்லை. வயது, படிப்பு, பதவி எதுவும் துணைவராது. எருமைக்குக் கை தூக்கிய தலைமையாசிரியரும் மூன்றாம் வகுப்புப் பேத்தியும் ஒன்றே. ஆட்டம் அற்பமானது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆதலால் தோற்றவருக்கு மானக்கேடு இல்லை. அடுத்த சுற்று உடனே தொடங்குகிறது.

நோயாளிக்கு இது சிறிய செய்தியன்று. மருத்துவமனையில் அவரைச் சுற்றியுள்ள எண்கள் யாவும் தீர்ப்புகள். சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு, கிரியேட்டினின் கூடியதா குறைந்ததா என்று ஒவ்வொன்றிற்கும் குடும்பமே முகம் வாடுகிறது அல்லது மலர்கிறது. அவர் செய்யக்கூடியதோ மிகக் குறைவு. ஊசி போடுவதும் மருந்து தருவதும் படுக்கையை நகர்த்துவதும் பிறர் கையில் உள்ளன. இந்நிலையில், தம் விரலால் தாமே ஒன்றைச் செய்து, அதன் பயனை உடனே கண்டு, தவறினாலும் எதையும் இழக்காத இரண்டு நிமிடம் அவருக்கு வாய்க்கிறது. நொடிநேர விளையாட்டு நோயாளிக்குத் தரக்கூடியது இதுவே என்று நாங்கள் கருதுகிறோம்.

மூன்றாவது காரணம் கவனம் பற்றியது. விரைவான ஆட்டம் கவனத்தை முழுமையாகக் கேட்கிறது. வலிக்கும் அச்சத்திற்கும் அந்நேரத்தில் இடம் குறைகிறது. ஊசி போடும்போது குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது இந்த அடிப்படையில்தான். பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு நகர மருத்துவமனையில், சாலை விபத்தில் சிக்கி அவசரப் பிரிவுக்கு வந்த 71 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுள் ஒரு பகுதியினர், நடந்ததைச் சுருக்கமாக நினைவுகூர்ந்த பின்னர் டெட்ரிஸ் ஆடினர். அடுத்த ஒரு வாரத்தில் விபத்துக்காட்சிகள் அழையாமல் மனத்தில் வந்து மோதுவது அவர்களிடம் குறைவாக இருந்தது. இது சிறிய ஆய்வு. வீட்டில் மருத்துவமாகச் செய்துபார்க்கத் தக்கதன்று. எனினும், கையும் கண்ணும் ஒன்றில் ஈடுபட்டிருக்கும்போது மனத்திற்குச் சிறிது விடுதலை கிடைக்கிறது என்ற அனுபவத்தை அது உறுதி செய்கிறது.

கருணாபுரத்து வீடுகளுக்கு

இதைக் கள்ளக்குறிச்சியில் எழுதும்போது கருணாபுரத்தை நினையாமல் எழுத இயலவில்லை. 2024 ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அப்பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. தாயையோ தந்தையையோ, இருவரையுமோ இழந்த பிள்ளைகள் உள்ளனர். பிழைத்தோருள் கண்பார்வை பாதிக்கப்பட்டவர்களும் உள்ளனர். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. அசைவுகளைச் சீர்செய்யும் மூளைப் பகுதிகளையும் அது சிலருக்குப் பாதிக்கும். அத்தகையோருக்குக் கைகால் அசைவு மெதுவாகும்.

இவ்வீடுகளில் இரண்டு தயக்கங்கள் எழுவதுண்டு. ஒன்று, துக்கம் நடந்த வீட்டில் பிள்ளைகள் கூச்சலிட்டு விளையாடலாமா என்பது. விளையாடலாம். பிள்ளை சிரிப்பதால் இறந்தவரை மறந்துவிட்டது என்று பொருளில்லை. குழந்தைகள் துயரத்தைத் தொடர்ந்து சுமப்பதில்லை. சற்று அழுவர், சற்று ஆடுவர், மறுபடி அழுவர். அதைத் தடுக்க வேண்டாம்.

மற்றொன்று, பார்வை குறைந்தவரை விளையாட்டுக்கு அழைத்தால் அவர் மனம் நோகுமோ என்பது. இங்கேதான் ‘கொக்கு பற பற’ நமக்கு உதவுகிறது. அதில் தலைவர் செய்யும் சூழ்ச்சி முழுவதும் கண்ணுக்கானது. எருமைக்கும் அவர் கையைத் தூக்குகிறார். அதைப் பார்ப்பவரின் கையும் உடன் எழுகிறது. பார்வையில்லாதவரிடம் அச்சூழ்ச்சி செல்லாது. அவர் சொல்லை மட்டுமே கேட்கிறார். செவிவழிச் செய்திக்குக் கை விரைந்து விடையளிக்கும் என்பதையும் மேலே கண்டோம். ஆகவே, பார்வை இழந்த தந்தை பிள்ளைகளோடு அமர்ந்து ஆடும் இவ்வாட்டத்தில் அவருக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அவர் வெல்வது உண்மையான வெற்றியாகவே இருக்கும். “அப்பா, நீ எப்படிப்பா ஏமாறவே இல்ல?” என்று பிள்ளை கேட்பதை அவர் கேட்கட்டும். இழந்த பார்வையை இவ்விளையாட்டு மீட்டுத் தராது. வீட்டில் அவருக்கிருந்த இடத்தை ஒரு மாலைப்பொழுதேனும் மீட்டுத் தரும். கை அசைவு மெதுவானவருக்காகத் தலைவர் சற்று நிதானமாகச் சொல்லலாம். கைக்குப் பதில் ஒரு விரலை உயர்த்தினாலும் போதும்.

படுக்கையருகே ஆடத்தக்க மூன்று

• கொக்கு பற பற: இருவர் இருந்தாலே போதும். டயாலிசிஸ் நேரத்தில் ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. மறுகையின் விரலை உயர்த்தியோ, “பறக்கும்” என்று வாயால் சொல்லியோ ஆடலாம். கொக்கு, காகம் சலித்துவிட்டால் “இட்லி பற பற” என்று கேட்டுப் பாருங்கள்.

• அளவுகோல் பிடித்தல்: 30 செ.மீ. அளவுகோலின் மேல்முனையைத் துணையிருப்பவர் பிடித்துத் தொங்கவிடுவார். நோயாளி கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கீழ்முனையின் இருபுறமும் தொடாமல் வைத்திருப்பார். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். 10 செ.மீ. அளவில் பிடித்தால் 0.14 நொடி, 15 செ.மீ. எனில் 0.17 நொடி, 20 செ.மீ. எனில் 0.20 நொடி, 25 செ.மீ. எனில் 0.23 நொடி. வயது கூடினாலும், இரவு உறக்கம் கெட்டாலும் நேரம் கூடும். இரவெல்லாம் விழித்திருந்த துணையாளர் நோயாளியிடம் தோற்பது இயல்பே. அப்படித் தோற்றால், சற்று உறங்கச் செல்லுங்கள்.

• ஐந்தாங்கல்: எழுந்து அமரக்கூடியவர்களுக்கு ஏற்றது. கற்களைச் சோப்பிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். முதலில் ஒரே கல்லை எறிந்து பிடித்துப் பழகுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அருகிலிருந்தால் கல்லும் விதையும் வேண்டா, விழுங்கிவிடக்கூடும்.

கைபேசியில் ஆடுவதாயின் ஒலியை நிறுத்திவிடுங்கள். அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு அந்நேரம் உறக்கமே மருந்தாக இருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

• வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்குச் சிரிப்பும் வலிக்கும். சிறு தலையணையைத் தையலின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம்.

• மாரடைப்பு வந்து சில நாட்களே ஆனவர்கள், கண் அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஆட வேண்டும்.

• வலிப்பு நோய் உள்ளவர்கள், ஒளி வெட்டி வெட்டி மின்னும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரம் ஒன்றில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்த பிள்ளைகளுள் 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

• விளையாட்டில் வென்றதை நோய் தீர்ந்ததற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அளவுகோலைப் பிடித்துவிட்டேன், இனி வண்டி ஓட்டலாம் என்று முடிவு செய்யக் கூடாது. தோற்றதை நோய் முற்றியதற்கு அறிகுறியாகவும் கொள்ள வேண்டியதில்லை.

• ஆனால், நேற்றுவரை நன்றாக ஆடியவர் இன்று திடீரெனக் குழம்பினால், விதியே புரியாமல் விழித்தால், அதை எங்களிடம் சொல்லுங்கள். கல்லீரல் நோயாளியின் மூளை மந்தமாவதை அறிய, எண்களை வரிசையாகக் கோட்டால் இணைக்கச் சொல்லி நேரம் பார்க்கும் எளிய சோதனை மருத்துவத்தில் உண்டு. இரவில் விழிப்பும் பகலில் உறக்கமுமாக மாறுவதும், கை நடுங்குவதும் அதற்கான முன்னறிவிப்புகள். சர்க்கரை நோயாளிக்கு வியர்த்துத் தடுமாற்றம் வந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். வாய் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். வார்டில் இருந்தால் செவிலியரை அழையுங்கள். வீட்டில் இருந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

நிறுத்தத் தெரிதல்

ஈர்க்கும் அதே காரணங்களே சிலரை விடாமல் பிடித்தும் வைக்கின்றன. வியட்நாமின் ஹனோய் நகரைச் சேர்ந்த டோங் ங்குயென் என்பவர் 2013இல் ‘ஃப்ளாப்பி பேர்டு’ என்னும் கைபேசி ஆட்டத்தை வெளியிட்டார். தட்டினால் பறவை மேலே எழும், தட்டாவிட்டால் விழும், குழாய்களுக்கிடையே அதைச் செலுத்த வேண்டும். அவ்வளவே ஆட்டம். 2014 தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு பிப்ரவரியில், நல்ல வருவாய் வந்துகொண்டிருந்தபோதே அதை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஓய்வாக இருக்கும்போது சில நிமிடம் ஆடுவதற்காகச் செய்தது பலருக்கு அடிமைப் பழக்கமாகிவிட்டது என்பதே அவர் கூறிய காரணம்.

நம் முற்றத்து விளையாட்டுகளில் நிறுத்தற்குறி தானே வரும். பொழுது சாயும், அம்மா சாப்பிடக் கூப்பிடுவார், எதிராளி களைத்துப்போவார். கைபேசியில் இவை எதுவும் இல்லை. ஆகவே நாமே வரம்பு வைக்க வேண்டும். ஐந்து சுற்று அல்லது பத்து நிமிடம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். உணவு, மருந்து, உறக்கம், மருத்துவர் வரும் நேரம் ஆகியவற்றை விளையாட்டு தள்ளிப்போடலாகாது. கட்டுப்படுத்த இயலாத விளையாட்டுப் பழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்துள்ளது. 2022 முதல் அப்பட்டியல் நடப்பில் உள்ளது.

பணம் கட்டி ஆடும் எதுவும் நாங்கள் இங்கே கூறும் விளையாட்டன்று. தோல்விக்கு விலையில்லை என்பதே நொடிநேர விளையாட்டின் சிறப்பு. பணம் வந்தவுடன் அச்சிறப்பு போய்விடுகிறது. மருத்துவச் செலவால் கடன்பட்ட குடும்பம் அதில் இறங்கவே கூடாது. ஏற்கெனவே இறங்கியவர், மதுவை விட இயலாது தவிப்பவர், துயரம் தாளாதவர் என எவராயினும் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். எங்களிடம் நேரில் வந்தும் சொல்லலாம்.

இனி, அந்த வெளிக்கூடத்துப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன விளையாட்டு? காத்திருப்பு நீளமானது என்பதால்தான், பாட்டி. பரிசோதனை முடிவு வர இன்னும் ஒரு மணி நேரமாகும். அதற்குள் கைபேசியைப் பேரனிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்திருக்கும் தாத்தாவையும் எழுப்பி, “கொக்கு பற பற” என்று நீங்களே தொடங்கிவையுங்கள். மூன்றாவதாக எருமையைச் சொல்ல மறவாதீர்கள்.